தடைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு ஸ்ப்ளெண்டர் ஹெட்

ஜூன் 5, 2025, வியாழன்

மாமாவின் ஸ்ப்ளெண்டர் வாசலுக்கு வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதியோடு முடிகிறது. “போட்டெல்லாம் மீனோட திரும்ப ஆரம்பிச்சா எனக்கு வண்டி வேணும் மாப்ள. பெட்டியைத் தூக்கிக்கிட்டு நெல்லிக்குப்பத்துக்கு பஸ்லயா போவேன்?” என்று சொல்லிச் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

என்ன கோளாறு என்று கேட்கவே வேண்டாம், தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. சைலன்சர் பைப், இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை பீய்ச்சுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட்டென்று வெடிக்கிறது. குனிந்து பார்த்தேன். பைப்பைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்) ஒன்று, விரல் பட்டாலே ஆடுகிறது. யாரோ ஒரு மகராசன் அதைச் சுற்றி எம்-சீல் வேறு பூசியிருக்கிறார். எக்ஸாஸ்ட் சூட்டில் எம்-சீல்! கருகிப் பொடியாகி உதிர்ந்து கிடக்கிறது.

ஸ்டட்டைக் கையாலேயே சுற்றி உருவினேன். அதன் மரைக்குள் ஹெட்டின் அலுமினியம் மெல்லிய சுருளாகச் சுற்றிக்கொண்டே வந்தது. குண்டூசியால் நெம்பினால் இடியாப்பம் மாதிரி பிரிகிறது. அதாவது மரை இப்போது ஹெட்டில் இல்லை, ஸ்டட்டில் இருக்கிறது. துறைமுகத்தில் ஐஸும் கடல் தண்ணீருமாக ஓடுவதை முன்சக்கரம் நேராக இந்த இடத்தில்தான் வாரி அடிக்கும். இரும்பு ஸ்டட், அலுமினிய ஹெட், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பூ பூத்த அந்த மரையில் நீள ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினால் வேறென்ன ஆகும்?

ஜூன் 7, சனி

ஹெட்டை இறக்காமல் முடிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. ஸ்ப்ளெண்டர் இன்ஜின் படுத்த வாக்கில் இருக்கும், எக்ஸாஸ்ட் வாய் தரையைப் பார்க்கும். மல்லாந்து படுத்து டிரில்லைப் பிடித்தால் ஓட்டை சாயும். ஓட்டை சாய்ந்தால் ஸ்டட் சாயும், பைப் முனையில் இருக்கும் தட்டு, அதாவது பிளேஞ்ச், ஒழுங்காக உட்காராது, மறுபடி புகைதான். ஹெட் இறங்கினால் பிஸ்டனோடு வால்வு சேர்ந்து இயங்கும் டைமிங்கும் மறுபடி வைக்க வேண்டும், பேக்கிங்கும் புதிதாகப் போட வேண்டும். வேறு வழியில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். மரை வெட்டும் 8 எம்.எம். டேப் போட்டுப் பெரிய ஸ்டட்டாக இறக்கிவிட்டால் ஆச்சாம். எனக்கு அது பிடிக்காது. அந்த இடத்தில் சதை குறைவு. பிளேஞ்ச் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். அடுத்த தடவை மரை போனால் அங்கே பிடிக்க ஒன்றுமே மிஞ்சாது. ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருளைப் போட்டால் பழைய 6 எம்.எம். அளவு ஸ்டட்டே ஏறும், மரையும் ஸ்டீல் மரையாகிவிடும்.

கழற்றுவதற்கு முன்பே டைமிங் குறிகளை நேராக்கி வைத்துக்கொள்வது நல்லது. இடது பக்க மூடியைத் திறந்து மேக்னெட்டை எதிர்க்கடிகாரச் சுற்றாகத் திருப்பினேன். முதலில் எஃப் குறி வரும், அது ஸ்பார்க்குக்கு. அதைத் தாண்டி வரும் டி தான் பிஸ்டன் உச்சிக்கு. அவசரத்தில் எஃப்பையே டி என்று நினைத்துக் கழற்றுகிறவர்கள் உண்டு. டி நேராக நிற்கும்போது மேலே, வால்வுகளை இயக்கும் கேமின் பல்சக்கரமான கேம் ஸ்பிராக்கெட்டில் இருக்கும் ஓ குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக வர வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னொரு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். போட்டோ எடுத்துக்கொண்டு, கேமைச் சுற்றும் செயின் உள்ளே விழாமல் கட்டுக்கம்பியில் கட்டி, ஹெட்டை இறக்கியாயிற்று.

பக்ரீத் என்பதால் லேத் பட்டறை இன்று இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

பாண்டி, காந்தி வீதி சண்டே மார்க்கெட். நல்ல பழைய டேப் ஹேண்டில் ஒன்று கிடைத்தது, இரண்டு பக்கமும் பிடி நீளமாக. வெயில் தாங்கவில்லை, வேறெதையும் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

லேத் பட்டறையில் டிரில்லிங் மெஷினைக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். ஹெட்டின் எக்ஸாஸ்ட் முகம் மேலே பார்க்கிற மாதிரி வைஸில் கட்டை வைத்துப் பிடித்து, நல்ல ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மூலமட்டம் வைத்து நேர் பார்த்தோம். 6.3 எம்.எம். பிட். ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் ஒட்டு டேப் சுற்றியாயிற்று. அது அடிமூடிய ஓட்டை, அதிகம் போனால் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். போர்ட் வாயில் பனியன் துணி அடைத்தது, தூள் உள்ளே போகக் கூடாதென்று.

ஹெலிகாயில் கிட்டில் வரும் மரை டேப் சாதாரண 6 எம்.எம். டேப் இல்லை. சுருள் உட்கார இடம் விட்டு வெட்டுகிற, கொஞ்சம் பருத்த டேப். மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அலுமினியம் பசை மாதிரி டேப்பில் ஒட்டும், அதனால் அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். பட்டறைப் பையன், “அண்ணா, ஒரேடியா இறக்கிடலாமே” என்று பக்கத்தில் நின்று துடித்துக்கொண்டிருந்தான். உள்ளே டேப் ஒடிந்தால் அதை எடுக்கிற வேலை இதைவிடப் பெரிது தம்பி என்றேன்.

பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்து சுருளை ஏற்றினேன். வைரம் போலச் சாய்ந்த வெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருட்டியது அது. ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். டூலில் மாட்டிச் சுற்றும்போது குறுகி உள்ளே போய், விட்டதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். பசை எதுவும் தேவையில்லை. கடைசிச் சுற்று முகத்துக்கு அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும், வெளியே துருத்தினால் பிளேஞ்ச் அழுத்திக் கெடுக்கும். சுருளின் அடியில் இருக்கும் குறுக்குக் காலை பஞ்ச் கம்பியால் ஒரு தட்டு. ‘டிக்’ என்று ஒடிந்தது. மூக்குக் கட்டிங் பிளேயரால் அதை வெளியே எடுத்துக் கையில் பார்த்த பிறகுதான் நிம்மதி.

புது ஸ்டட் விரலாலேயே வழுக்கி இறங்கியது.

ஜூன் 12, வியாழன்

மாலை முழுக்க டைமிங். டவல் பின், ஓ ரிங், புது ஹெட் பேக்கிங். ஹெட் நட்டுகளில் செம்பு வாஷர் ஏறும் இடம் ஒன்று உண்டு, ஆயில் ஏறும் பாதை அது. இடம் மாறினால் நாளைக்கே ஒழுகும். குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக டார்க் ரெஞ்சில் இறுக்கியாயிற்று.

டி குறியை மறுபடி சரிபார்த்து, ஓ குறியை வெட்டுக்கு நேராக வைத்துச் செயினை ஏற்றினேன். டென்ஷனரை விட்டதும் ஓ குறி இம்மியளவு பின்தங்கி நின்றது. ஒரு பல் மாறிவிட்டதோ என்று இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புவார்கள். கணக்குப் போட்டால் குழப்பம் இல்லை. இந்த ஸ்பிராக்கெட்டில் 28 பல். ஒரு பல் மாறினால் கேமில் கிட்டத்தட்ட 13 டிகிரி, கிராங்கில் 26 டிகிரி மாறும். குறி பளிச்சென்று விலகித் தெரியும். இம்மியளவு பின்தங்கல் என்றால் செயின் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு பல் முன்னே தள்ளிப் பார்த்தால் குறி வெட்டைத் தாண்டி எங்கோ போகிறது. ஆகவே முதலில் வைத்ததுதான் சரி. செயின் அடுத்த வருஷம் மாற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்பேனரால் மேக்னெட்டை இரண்டு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பினேன். கிக்கர் பக்கமே போகக் கூடாது. வால்வு பிஸ்டனில் மோதுவதாக இருந்தால் கையில் கெட்டியாக நிற்கும், அங்கேயே நிறுத்திவிடலாம். காலால் உதைத்தால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும். சீராகச் சுற்றியது. டி வந்தது, ஓ வந்தது, இரண்டு ராக்கரிலும் லேசான ஆட்டம். இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே பில்லர் கேஜ் விட்டு டாப்பெட் (வால்வு இடைவெளி) வைத்தேன்.

சைலன்சருக்குப் புதுச் செம்பு வளையம். ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவி, 10 எம்.எம். குட்டை ரிங் ஸ்பேனரால் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினேன். 6 எம்.எம். ஸ்டட்டுக்கு மணிக்கட்டு பலம் போதும். தோள் பலம் காட்டுகிற இடம் இது இல்லை.

கிக் அடித்தேன். பிடித்துக்கொண்டது. ஐடிலிங்கில் பைப் வாயருகே கையை நீட்டினால் காற்றே இல்லை.

ஜூன் 16, திங்கள்

கடலூர் முதுநகர் போய்வந்த சூட்டோடு மாமா வண்டியைக் கொண்டுவந்தார். முழுக்க ஆறவிட்டு எக்ஸாஸ்ட் நட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கால் சுற்று ஏறியது. புது வளையம் அமுங்கியிருக்கும், சகஜம். ஹெட் ஓரத்தில் ஆயில் ஈரம் இல்லை.

“சத்தமே வரமாட்டேங்குது மாப்ள, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல” என்கிறார். அதோடு, கூட வந்த அவருடைய கூட்டாளியின் வண்டியையும் காட்டினார். ஆயில் டிரெய்ன் போல்ட் 12 எம்.எம்., மரை போய் டெப்லான் டேப் சுற்றி அடைத்திருக்கிறது. சொட்டு சொட்டாக என் வாசலிலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. 12க்கு 1.5 பிட்ச் (மரை இடைவெளி) கிட்டு தனியாக வாங்க வேண்டும். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.