கூழாங்கல் நூறும் ஏழு சுற்றும்: பூர்வகுடி ஊர்களில் சூதாட்டத் தீங்கைப் பேசுவது

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடம் சூதாட்டத்தைப் பற்றிப் பேசப் போகிற செவிலியரோ சமூகப் பணியாளரோ முதலில் கைவிட வேண்டியது 'சூதாட்ட அடிமை' என்ற சொல்லை. அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'ஷேம்' என்றால் வெறும் வெட்கம் இல்லை. கூட்டத்தில் ஒருவரைத் தனியே பிரித்து நிறுத்துவதே ஷேம். பாராட்டுவதற்காக நிறுத்தினாலும் அப்படித்தான். 'உங்களுக்குச் சூதாட்டப் பிரச்சினை இருக்கிறதா?' என்று சுவரொட்டி ஒட்டினால், அந்தப் பக்கம் நிற்பதைக்கூட ஆட்கள் தவிர்ப்பார்கள்.

வழக்கமான மதிப்பீட்டுப் படிவமும் இங்கே தடுமாறுகிறது. அதிலுள்ள 9 கேள்விகளும் ஆடுபவரைப் பற்றியவை. ஆடாத அக்காவிடம் தம்பி மூன்று முறை வந்து பணம் கேட்டு வாங்கிப் போயிருப்பான். உறவுக்காரர் கேட்டால் 'இல்லை' என்று சொல்ல முடியாது. இந்த நச்சரிப்பை வடக்கில் 'ஹம்பக்' என்பார்கள். அக்காவுக்குப் படிவத்தில் பூஜ்யம்தான் வரும், வீட்டில் சாப்பாடு இருக்காது. அதனால் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். அரசு உதவித்தொகை வந்த மூன்றாம் நாள் குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது? முன்பணம் கட்டும் மின்சாரம் எப்போது தீர்கிறது? பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள்?

சீட்டாட்டத்தையும், போக்கீஸ் என்று அங்கே சொல்லும் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தையும் ஒன்றாகக் கட்டித் திட்டுவது அடுத்த தவறு. வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லாண்ட் கரைக்குச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள், கடலட்டை பிடிக்க இந்தோனேசியாவின் சுலாவெசி தீவிலிருந்து பாய்மரத்தில் வந்த மக்காசர்கள் என்பது மானிடவியலாளர் பலரின் கருத்து. அங்குள்ள யொல்ங்கு மக்கள் பணத்தை 'ருப்பியா' என்பதும் அதே வழியில் வந்தது. நம் ரூபாய்க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். தரையில் வட்டமாக உட்கார்ந்து பத்துப் பேர் ஆளுக்கு 20 டாலர் வைத்து ஆடினால், முடிவிலும் 200 டாலர் அந்த ஊருக்குள்தான் இருக்கும். தோற்றவர் ஜெயித்த சித்தியிடம் சாப்பாட்டுக்குக் கேட்கலாம். இதை வைத்துச் சீட்டைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. விடிய விடிய ஆடும் வட்டத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் பசியோடு தூங்கிப்போவதுண்டு. பெரிய தொகை ஜெயித்தவர் அதை டார்வின் கேசினோவில் கொண்டுபோய்த் தொலைப்பதும் உண்டு.

இயந்திரத்தின் கணக்கு வேறு. போட்ட பணத்தில் சராசரியாக 100க்கு 90 திருப்பித் தருகிறது, 3 வினாடிக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். மணிக்கு 1,200 சுற்று. சுற்றுக்கு 1 டாலர் என்றால் சராசரி நட்டம் மணிக்கு 120 டாலர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த இயந்திரங்கள் உள்ள கிளப்புகளில் சுற்றுக்கு 10 டாலர் வரை போடலாம். அப்போது 1,200 டாலர். இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க அங்கே எந்தச் சித்தியும் இல்லை. 1 டாலர் போட்டு 40 சென்ட் திரும்பினால் 60 சென்ட் போயிற்று. அதற்கும் ஜெயித்த மாதிரி இசை போடும் இயந்திரங்கள் இருக்கின்றன.

'90 சதவீதம் திரும்ப வரும்' என்பதை வாயால் சொன்னால் நல்ல விஷயம் போலத்தான் கேட்கும். அதனால் தரையில் செய்து காட்டுங்கள். 100 கூழாங்கற்களைக் குவியுங்கள். எல்லாவற்றையும் 'போட்டு' 90ஐத் திருப்பி எடுங்கள், 10ஐ ஒரு வாளியில் போடுங்கள். அடுத்து அந்த 90ஐப் போட்டால் 81. பிறகு 73, 66, 59, 53, 48. ஏழே சுற்றில் பாதிக்கும் மேல் வாளிக்குப் போய்விடும். வாளியைத் தூக்கி வட்டத்துக்கு வெளியே வையுங்கள்.

'என் அத்தை 3,000 ஜெயித்தாளே' என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். மறுக்காதீர்கள், அது உண்மையாக இருக்கும். மிச்சமுள்ள 48 கல்லில் 30ஐ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.

கூட்டம் கூட்டுவதற்கு முன் மூத்தோரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்களில் சிலருக்கே சீட்டுப் பழக்கம் இருக்கலாம். அதைக் குத்திக்காட்டாமல் பேசத் தெரிய வேண்டும். ஊரில் சாவு விழுந்து துக்கம் நடக்கும்போது தேதியைத் தள்ளிப்போடுங்கள். இறந்தவர்களின் படம் திரையில் வரக்கூடாது. உதவித்தொகை வரும் நாள் வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். சில உறவு முறைகளில் நேருக்கு நேர் பேசக்கூடாது என்ற விதி உண்டு. ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்கார வேண்டுமா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். தனி ஆலோசனைக்கு உள்ளூர் ஆள்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உறவுக்காரராக இருந்தால் ரகசியம் கசியும் என்ற பயம் வரும். உள்ளூர் பூர்வகுடிப் பணியாளர், வெளியூர் ஆலோசகர் இருவரையும் முன்னே வைத்துத் தேர்வை அவர்களிடம் விட வேண்டும்.

பணத்தைக் காக்கும் வழிகளில் முதலாவது சென்டர்பே என்ற அரசு ஏற்பாடு. உதவித்தொகை கைக்கு வருமுன்பே வாடகையையும் மின் கட்டணத்தையும் அதிலிருந்து கழித்துவிடும். ஹம்பக் செய்பவரிடம் 'கையில் இல்லை' என்று பொய் சொல்ல வேண்டிய சங்கடமும் குறையும். வங்கிச் செயலியில் சூதாட்டத் தடை போடலாம். ஆனால் அது அட்டை மூலம் செலுத்துவதைத்தான் நிறுத்தும். ஏடிஎம்மில் ரொக்கம் எடுப்பதைத் தடுக்காது. போக்கீஸ் ரொக்கத்தில்தான் ஓடுகிறது.

கைப்பேசிப் பந்தயத்துக்கு 2023 ஆகஸ்டில் வந்த பெட்ஸ்டாப் பதிவேடு இருக்கிறது. 3 மாதத்திலிருந்து ஆயுள் முழுதும் வரை, உரிமம் பெற்ற எல்லாப் பந்தய நிறுவனங்களிலிருந்தும் விலகிக்கொள்ளலாம். ஒரு கைப்பேசியை நான்கு பேர் பகிரும் வீட்டில் மற்றவர் கணக்கு திறந்தே கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம். போக்கீஸ் இதில் அடங்காது.

கிளப்பிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு தனி. அதில் புகைப்படம் கொடுக்க வேண்டிவரும், சின்ன ஊரில் அதுவே ஷேம். வெயில் காலத்தில் குளிரூட்டிய இடம், மலிவான சாப்பாடு, சொந்தங்களைப் பார்க்கும் இடம் எல்லாமே அந்தக் கிளப்பாகவும் இருக்கலாம். சாப்பாட்டுப் பகுதியை விட்டுவிட்டு, இயந்திரங்கள் இருக்கும் பகுதிக்கு மட்டும் தடை போட முடியுமா என்று கேளுங்கள்.

உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுங்கள், 'சூதாட்டம்' என்ற சொல் அதில் வேண்டாம். சூதாட்ட உதவி 1800 858 858, நாள் முழுதும் இலவசம். மனம் உடைந்த நேரத்தில் பூர்வகுடி ஆட்களே எடுத்துப் பேசும் எண் 13 92 76. கடன் தொல்லைக்கு 'மாப் ஸ்ட்ராங்' என்ற பூர்வகுடி உதவி எண் 1800 808 488. முதல் அழைப்பைப் பெரும்பாலும் தனியாகச் செய்ய மாட்டார்கள். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.