எட்டத்து போல்ட்

எங்கள் வீட்டில் குக்கரைத் திறக்க ஒரு முறை உண்டு. வெயிட்டை எடுத்து ஆவி அடங்கிய பிறகும், மூடியை எதிர்ச்சுவர்ப் பக்கமாகத்தான் முதலில் தூக்க வேண்டும். மிச்ச ஆவி இருந்தால் சுவரில் அடித்துவிட்டுப் போகட்டும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைப் பார்த்து, "என்ன வெடிகுண்டா திறக்கிற?" என்று சிரித்தார். நான் அப்பாவின் ஃப்ளேன்ஜ் கதையைச் சொன்னேன்.

அப்பா குவைத்தில் பைப் ஃபிட்டர். இரண்டு குழாய்கள் சேருமிடத்தில் வட்டமாக ஒரு ஃப்ளேன்ஜ் இருக்கும், அதைச் சுற்றிலும் போல்ட் இருக்கும். லைனில் பிரஷர் இல்லை என்று வேலை தொடங்கத் தரும் அனுமதிச் சீட்டில் எழுதியிருந்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதனால் நமக்கு எட்டத்தில் இருக்கிற போல்ட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். பீய்ச்சி அடித்தாலும் அந்தப் பக்கம் போய்விடும். தன் வேலையைப் பற்றி அப்பா எங்களுக்கு விளக்கிச் சொன்னது அநேகமாக இது ஒன்றுதான். அதுவும் சோடா பாட்டிலை வைத்து.

நாகப்பட்டினத்திலிருந்து 1979இல் அவர் தனியாகப் போனார். 1986 ஆகஸ்டில் அம்மா, நான், தம்பி மூவரும் பம்பாய் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஒன்பது வயது. விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி ஒரு காற்று. அந்த வெயிலிலும் அப்பா முழுக்கைச் சட்டையைப் போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டிக்கொண்டு நின்றார்.

வீடு ஃபஹாஹீலில், மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். அதற்குத் தெற்கே கடலோரமாக மூன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். அவற்றில் ஒன்றில் ஒரு கான்ட்ராக்டரிடம் அப்பாவுக்கு வேலை. முதல் ராத்திரி மொட்டைமாடியில் துணி காயப்போடப் போன அம்மா, "ஏங்க, எங்கேயோ தீப்பிடிச்சிருக்கு" என்று ஓடிவந்தாள். அது ஃப்ளேர். மிஞ்சிய வாயுவை உயரமான குழாயின் நுனியில் எரித்துக்கொண்டே இருப்பார்கள். "அது எரியிற வரைக்கும் நமக்குச் சம்பளம் உண்டு" என்றார் அப்பா. அதன் பிறகு அம்மா தூங்கப் போகுமுன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

அம்மாவின் முதல் ஆறு மாதம் கணக்கிலேயே போனது. பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், கத்தரிக்காயை எடுப்பாள், அந்த ஊர்ச் சில்லறையான ஃபில்ஸை ரூபாயாக்குவாள், கீழே வைத்துவிடுவாள். அப்போதே ஒரு தினார் நாற்பது ரூபாய்க்கு மேல். 1961 வரைக்கும் குவைத்தில் நம் ரூபாய்தான் ஓடியது என்றும், தினார் வந்தபோது அது பதிமூன்று ரூபாய் சொச்சம்தான் என்றும் அப்பா ஒருநாள் சொல்லிவைத்தார். "அப்பவே வந்திருக்கக் கூடாதா நீங்க?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்காது.

கணக்குப் பார்க்காமல் அவள் வாங்கியது மீன் மட்டும்தான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா எங்களை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே சுபைதி என்று கூவி விற்றது நம் வெள்ளை வாவல்தான். அதைப் பார்த்த அன்றுதான் அம்மா அந்த ஊரில் முதல் தடவையாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். புளிக்குழம்புக்குக் கறிவேப்பிலை இருக்காது. லீவில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் இரண்டு கொத்தை ஐந்து வீடு பங்கு போட்டுக்கொள்ளும். குடிக்கிற தண்ணீர் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுப்பது. எண்ணெயையும் வாயுவையும் எரித்துத்தான் அதைக் காய்ச்ச வேண்டும். தம்பி டம்ளரில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

எங்கள் பள்ளியில் தமிழ் கிடையாது. அதற்காகவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் பாட்டிக்கு நான் கடிதம் எழுத வேண்டும், அப்பா சிவப்புப் பேனாவால் திருத்துவார். அடித்தல் திருத்தலோடு அப்படியே தபாலில் போகும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

வருஷத்தில் சில வாரம் ஷட்டவுன் வரும். ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய பாத்திரங்களைத் திறந்து, கழுவிப் பழுது பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வீட்டுக்கு வந்தால் கவராலில், அதாவது வேலைக்குப் போடும் முழு உடுப்பில், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அம்மா அதைத் தனி வாளியில், தனி சோப்பில் துவைப்பாள். நாங்கள் மூக்கைப் பொத்தினால், "நாத்தம் தெரியிற வரைக்கும் நல்லதுதான்" என்பார். அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆளையே சாய்த்துவிடும் என்று கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

1990இல் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால் நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. நைட் ஷிஃப்ட் போனவர் மத்தியானம்தான் வந்தார், பாதி வழி லாரி, மீதி நடை. ஈராக் ராணுவம் உள்ளே வந்துவிட்டது என்றார். கான்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் பூட்டு. ஜூலைச் சம்பளம் போனது போனதுதான். குப்பூஸ் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை. அப்பா மட்டும்தான் வெளியே போவார்.

செப்டம்பரில் பஸ்ஸில் கிளம்பினோம். பஸ்ரா, பாக்தாத், அப்புறம் பாலைவனம், ஜோர்டான் எல்லை, கூடாரம். ஆளுக்கு ஒரு பை. அப்பா பையில் பாஸ்போர்ட்டுகள், எங்கள் மார்க் ஷீட்டுகள், ஒரு துணியில் சுற்றிய குக்கர். மூன்று நாள் பயணத்தில் எல்லாச் சோதனைச் சாவடியிலும் ஜன்னலோரத்தில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். தம்பி எவ்வளவு அழுதும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா. 59 நாளில் 488 விமானங்கள் விட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். எனக்கு நினைவிருப்பது, விமானத்தில் கொடுத்த சாப்பாட்டுத் தட்டை அப்பா தொடாமல் எங்கள் பக்கம் நகர்த்தியதுதான்.

நாங்கள் திரும்பப் போகவில்லை. அவர் 1992இல் மறுபடி போனார். ஈராக் ராணுவம் பின்வாங்கும்போது தீ வைத்த அறுநூற்றுச் சொச்சம் எண்ணெய்க் கிணறுகளையும் முந்தைய நவம்பரிலேயே அணைத்துவிட்டார்கள். ஆனால் பாலைவனத்தில் எண்ணெய் குளம் குளமாகக் கிடக்கிறது, பறவைகள் தண்ணீர் என்று நினைத்து இறங்கிவிடுகின்றன என்று எழுதினார். தன்னைப் பற்றி, "சௌக்கியம். வாவல் கிடைக்கிறது." பன்னிரண்டு வருஷமும் இதே இரண்டு வாக்கியம்தான். அந்தச் சௌக்கியத்தில்தான் தம்பி இன்ஜினியரானான், எனக்குக் கல்யாணம் நடந்தது.

போன மாதம் அவருக்கு முதல் வருஷத் திதி. அவரோடு வேலை பார்த்த மாமா ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டே, 88இல் ஒரு ஷட்டவுனில் நடந்ததைச் சொன்னார். பாத்திரத்தின் உள்சுவரில் படியும் இரும்பு சல்ஃபைடு காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அன்று யாரோ தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த பையனை இழுத்துப் போடக் கையை விட்டவர் அப்பா. முழங்கை வரை வெந்துபோனது.

அந்தத் தழும்பு எங்களுக்குத் தெரியும். மெஸ்ஸில் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் கொட்டிவிட்டது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. நான் அடுப்படியில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாயசப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அப்பளம் சுட்டா கவரால் கை கருகுமா?" என்றாள். "துவைச்சது நான்தானே."