நிலவைச் சுற்றும் பயணத்தைப் படிக்க அப்போலோ 8 போதும்

விண்வெளி வினாடி வினாவுக்கோ போட்டித் தேர்வின் அறிவியல் பகுதிக்கோ தயாராகிறவர்கள், நிலவுப் பயணம் என்றதும் பத்துப் பன்னிரண்டு விண்கலங்களின் பெயரையும் தேதியையும் உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் போனால் எல்லாம் குழம்பிவிடும். ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு, கிளம்பியதிலிருந்து கடலில் விழுந்தது வரை மணிவாரியாகப் படித்தால் மற்றவை அதோடு தாமாகவே ஒட்டிக்கொள்ளும். அதற்கு, 1968-இல் மூன்று அமெரிக்க வீரர்கள் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 8-ஐ விட நல்ல பாடம் கிடையாது. தரையிறக்கம் இல்லை, தரையிறங்கு கலமும் இல்லை. போனார்கள், சுற்றினார்கள், திரும்பினார்கள்.

நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்: நேரம், செயல், ‘இது தவறினால்?’. நேரம் என்பது தேதி அல்ல; ஏவியதிலிருந்து எத்தனையாவது மணி என்பதுதான். கலத்தில் இருந்தவர்களும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்களும் பார்த்த கடிகாரம் அதுவே. 1968 டிசம்பர் 21 காலை பூஜ்ஜியம். 2 மணி 50 நிமிடத்தில் நிலவை நோக்கித் தள்ளும் எரியூட்டல். 69-ஆவது மணியில் நிலவின் சுற்றுப்பாதை. அங்கே 20 மணி நேரம், 10 சுற்று. 89 மணி தாண்டியதும் பூமியை நோக்கி. 147-ஆவது மணியில் பசிபிக் கடல். முதலில் இவை மனதில் நிற்கட்டும்.

மூன்றாவது பத்தியைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். அப்போலோ 8-இல் பறந்த ஃபிராங்க் போர்மன், ஜேம்ஸ் லவல், வில்லியம் ஆண்டர்ஸ் மூவரும் படித்ததெல்லாம் அந்தப் பத்தியைத்தான். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏழு மணி நேரப் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சிக்கான மாதிரிக் கலமான சிமுலேட்டரை இயக்குகிறவர்களின் வேலையே, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு கோளாறை உள்ளே நுழைத்துவிடுவது. இத்தனைக்கும் நிலவுக்கு அனுப்பலாம் என்ற யோசனை கிளம்பியதே அந்த ஆண்டு ஆகஸ்டில்தான்.

அதிக நேரத்தைத் திசையறிதலுக்கு ஒதுக்குங்கள். கேள்வியும் இதிலிருந்துதான் ஆழமாக வரும். பாதையைக் கணக்கிடும் பொறுப்பு முதன்மையாகத் தரை நிலையங்களுடையது; ஆனால் ரேடியோ தொடர்பு அறுந்தால் கலமே தன் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகக் கணினியில் 37 நட்சத்திரங்கள் பதிவாகியிருந்தன. அவற்றை அடையாளம் காண அப்போலோ வீரர்கள் வட கரோலினாவின் மோர்ஹெட் கோளரங்கத்தில் பயிற்சி பெற்றார்கள். நட்சத்திர எண்கள் எட்டடிமான முறையில் இருக்கும். 8, 9 என்ற இலக்கங்களே வராது, 37-ஆவது நட்சத்திரத்தின் எண் 45. இதைத் தெரியாமல் பட்டியலைப் பார்த்தால் நடுவில் ஏதோ விட்டுப்போனதாகத் தோன்றும். நம் ஊர்ப் பெயரோடு எழுதிக்கொண்டால் சட்டென்று பதியும்: ரோகிணி 11, அகத்தியர் விண்மீன் 14, மகம் 22, சித்திரை 26, சுவாதி 31, கேட்டை 33.

செய்முறை இப்படி. உருப்பெருக்கம் இல்லாத, அகலப் பார்வை கொண்ட தொலைநோக்கியில் நட்சத்திரத்தைத் தேட வேண்டும். பிறகு 28 மடங்கு பெரிதாக்கும், கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட்டில் அதைக் குறுக்குக் கோட்டின் நடுவே கொண்டுவந்து பொத்தானை அழுத்த வேண்டும். இன்னொரு நட்சத்திரத்துக்கும் இதே வேலை. ஒன்று ஏன் போதாது? ஒரு நட்சத்திரத்தை மட்டும் பிடித்தால், அதை அச்சாக வைத்துக் கலம் எந்தக் கோணத்திலும் உருண்டிருக்கலாம். இரண்டாவது நட்சத்திரம்தான் அதைப் பூட்டுகிறது. இரண்டுக்கும் இடையே தான் அறிந்த கோணத்தையும் நீங்கள் அளந்த கோணத்தையும் கணினி ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும். திரையில் ஐந்து பூஜ்ஜியம் வந்தால் துல்லியம்.

இங்கே தவறுகிறவை இரண்டு. முதலாவது வெளிச்சம்: சூரிய ஒளி சிதறி உள்ளே வந்தால் தொலைநோக்கியில் விண்மீன் கூட்டமே தெரியாது. இரண்டாவது, விரல் செய்யும் பிழை. திரும்பும் வழியில் லவல், நட்சத்திரம் 01 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் நிரல் 01-ஐ அழுத்திவிட்டார். அது ஏவுவதற்கு முன் ஓடும் நிரல். கலம் இன்னும் ஏவுதளத்தில் நிற்கிறது என்று கணினி எடுத்துக்கொண்டு, திசை அளவைத் தொலைத்துவிட்டது. சிறு உந்திகளால் கலத்தைத் திருப்பி, ரைஜல், சிரியஸ் இரண்டையும் பிடித்து லவல் மறுபடி சீரமைத்தார். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது சுற்றிலும் மிதந்த துகள்களெல்லாம் நட்சத்திரம் போல மின்னின. சூரியனை வைத்துத்தான் திசையைச் சரிபார்த்தார்கள். அதற்கும் தளபதி இதே லவல்தான். நோட்டில் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

அடுத்தது எஞ்சின். வீரர்கள் இருக்கும் பகுதிக்குப் பின்னால் இணைந்த சேவைக் கலத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் தொட்டவுடன் தாமே பற்றிக்கொள்ளும் வகை, அதனால் தீப்பொறி அமைப்பு தேவையில்லை. ஹீலியம் அழுத்தமே அவற்றைத் தள்ளும், பம்பும் கிடையாது. பழுதாகக்கூடிய பாகங்களைக் குறைத்ததுதான் இதிலுள்ள பாதுகாப்பு. 11-ஆவது மணியில் 2.4 விநாடி எரித்துப் பார்த்தபோது குழாயில் ஹீலியக் குமிழி சிக்கியிருந்ததால் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக மாறியது. அந்தக் குறையைச் சிறு உந்திகளால் ஈடுகட்டினார்கள். காரணம் தெரிந்ததால் பயணம் தொடர்ந்தது.

நிலவுச் சுற்றுப்பாதையில் நுழைய அதே எஞ்சின் 4 நிமிடம் 7 விநாடி எரிந்தது. கூடுதலாக எரிந்திருந்தால் நிலவில் மோதல். பாதியில் நின்றிருந்தால் திட்டமிடாத ஏதோ ஒரு பாதை. அடியோடு எரியாமலே போயிருந்தால்? ஒன்றும் ஆகாது, நிலவின் ஈர்ப்பே கலத்தை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். சுயதிரும்பு பாதை என்பது இதுதான். ஆனால் சுற்றுப்பாதைக்குள் போய்விட்டால் அந்தச் சலுகை முடிந்தது; வெளியேற எஞ்சின் மறுபடி எரிந்தே ஆக வேண்டும். நுழைவும் வெளியேற்றமும் நிலவின் மறுபக்கத்தில் நடந்தன, ஹூஸ்டனுக்கு எதுவும் தெரியாது. மறுபக்கம் என்றால் இருண்ட பக்கம் என்று எழுதி மதிப்பெண்ணை இழக்காதீர்கள். அங்கேயும் பகல் வரும். ரேடியோவை மறைப்பது நிலவின் உடல்.

உடல்நிலையை யாரும் படிப்பதில்லை, ஆனால் கேட்கிறார்கள். போர்மன் தூக்க மாத்திரை எடுத்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு இரண்டும் வந்தன. எப்போதும் ஒருவராவது விழித்திருக்க வேண்டும் என்ற முறை மூவரையும் களைப்பாக்கியது. நிலவைச் சுற்றும்போதே வேலையில் பிழைகள் தென்பட, போர்மன் மற்ற இருவரின் பணிகளை நீக்கிவிட்டுத் தூங்கச் சொன்னார். ஐந்து ஜன்னல்களில் மூன்று, சிலிக்கோன் பூச்சிலிருந்து கசிந்த படலத்தால் மங்கிவிட்டன. சூரிய வெப்பம் ஒரே பக்கம் ஏறாமலிருக்க, போகும்போதும் வரும்போதும் கலம் மணிக்குச் சுமார் ஒரு முறை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழுவதுபோல் தெரியும் பூமி உதயப் படம் நான்காவது சுற்றில், டிசம்பர் 24 அன்று ஆண்டர்ஸ் எடுத்தது. கலம் நகர்ந்ததால்தான் பூமி ‘உதித்தது’. நிலவின் தரையில் ஓரிடத்தில் நிற்கிறவருக்குப் பூமி ஏறத்தாழ அங்கேயேதான் நிற்கும்.

வளிமண்டல நுழைவுக்கு ஒரு சின்னப் படம் வரைந்தால் போதும். வேகம் விநாடிக்கு 11 கி.மீ., கோணம் சுமார் 6.5 பாகை. சாய்வு குறைந்தால் கலம் மறுபடி மேலே போய்விடும். கூடினால் வெப்பமும் விசையும் தாங்காது. ஆறு நாள் எடையின்மைக்குப் பிறகு வீரர்கள் தாங்கியது 6.8 ஜி, அதாவது பூமியில் தங்கள் எடையைப் போல 6.8 மடங்கு விசை. கலத்தின் எடைமையம் சற்று ஓரமாக இருக்கும்; அதனால் கொஞ்சம் தூக்குவிசை கிடைக்கும், கலத்தை உருட்டி அந்த விசையின் திசையை மாற்றலாம். விடிவதற்கு முன் கடலில் விழுந்ததும் தலைகீழாகக் கவிழ்ந்தது. மிதவைப் பைகள் ஊதி நிமிர்த்தின. மீட்டது யார்க்டவுன் கப்பல்.

இவ்வளவும் முடிந்த பிறகு அடுத்த பக்கத்தில் நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 2-ஐ அதே மூன்று பத்தியில் எழுதிப் பாருங்கள். நால்வருக்கான அந்தத் திட்டத்தில் 2 மணி 50 நிமிட வரி ஏறக்குறைய ஒரு நாள் கீழே இறங்கும், ஏனென்றால் முதலில் பூமியின் உயரச் சுற்றுப்பாதையிலேயே கலத்தைச் சோதிப்பதுதான் அதன் திட்டம். 69, 89-ஆவது மணி வரிகளை அடித்துவிடுங்கள்: அது சுயதிரும்பு பாதை, நிலவைச் சுற்றி வளைந்து வருவதோடு சரி.