வாப்பாவின் சிங்கப்பூரும் மாமாவின் கோலாலம்பூரும்

கீழக்கரை வீட்டுத் திண்ணையில் வாப்பாவும் மாமாவும் யார் ஊர்க் கட்டடம் உயரம் என்ற வழக்கைப் பேசாத பெருநாள் இல்லை. மாமா கோலாலம்பூர்க்காரர். 1998இல் கட்டி முடித்த 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் என்பார். இப்போது 679 மீட்டரில் மெர்டேக்கா 118 கட்டடம் வேறு சேர்ந்துகொண்டது. வாப்பா சிங்கப்பூரில் உழைத்தவர். அங்கே வணிக மையமான ராஃபிள்ஸ் பிளேஸில் மூன்று கட்டடங்கள் 280 மீட்டரோடு நின்றுவிட்டன. விமானப் போக்குவரத்துக்காக விதித்த வரம்பு.

எனக்கு அந்த வரம்புதான் பிடித்திருக்கிறது. மூன்றும் தோளோடு தோள் நிற்கும் அழகு, தனியே ஓங்கிய ஒன்றுக்கு வராது. மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

நம் ராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர்! ஆள் புழங்கும் கட்டடம் அல்ல, ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறும்போதெல்லாம் என் கண் அதைத்தான் தேடுகிறது.