நடுவில் நின்ற கேள்விக்காரன்

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் தமிழ் வழியில் படித்த எண்பதுகளில், பள்ளி ஆண்டு விழா நாடகம் என்றாலே அரசர்களும் தியாகிகளும்தான் மேடையேறுவார்கள். அந்த வழக்கத்தை மாற்றி, ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு கணவன் மனைவியின் கதையை எங்கள் தமிழ் ஐயா நகைச்சுவை நாடகமாக எழுதினார். அதில் மனைவியாக நடித்தவன் நான். அந்த நாடகத்தின் அமைப்பைப் பற்றி நம் சங்கத்தின் இம்மலரில் எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

ஐயா அதற்கான வடிவத்தைப் பாலக்காட்டுச் சீமையின் பொறாட்டு நாடகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அறுவடை முடிந்த வயலில் பந்தலிட்டு விடிய விடிய ஆடப்படும் அந்த ஆட்டத்தில் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டுகள் வரும். குறவனும் குறத்தியும் போன்ற இணைகள் வந்து ஒருவரையொருவர் குறை சொல்லிப் பாடுவார்கள். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டுவார்கள். வருகிற ஒவ்வொரு வேடத்தையும் நிறுத்தி, யார், எங்கிருந்து வருகிறாய், என்ன வழக்கு என்று கேட்டுக் கதையை நகர்த்துபவன் கேள்விக்காரன். அவனை ஐயா ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து, கோபித்துக்கொண்ட இருவருக்கும் நடுவே தூது செல்லும் பக்கத்து வீட்டுப் பையனாக்கினார்.

பையன் கெட்டவன் அல்லன். இருவர் மனமும் நோகக் கூடாது என்று சொற்களைச் சற்று மாற்றிச் சொல்பவன், அவ்வளவுதான். "பொள்ளாச்சிச் சந்தைக்குப் போறவர் வெறுங்கையோட வர வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்று மனைவி காய்கறியை நினைத்துச் சொல்கிறாள். அவன் அதைக் கணவனிடம், "கையில எதையாச்சும் புடிச்சுக்கிட்டு வந்தா அக்கா சந்தோசப்படுவாங்களாமுங்க" என்கிறான். மறு காட்சியில் கணவன் ஓர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பெருமையோடு நுழைகிறான். ஆடு உண்மையான ஆடு. அது மேடையில் ஜோடனைக்குக் கட்டியிருந்த மாவிலையைத் தின்னத் தொடங்கியபோது எழுந்த சிரிப்பு அடங்கும்வரை நாங்கள் வசனம் பேச முடியவில்லை.

ஆயினும், நாடகத்தின் உயிர் அடுத்த காட்சியில்தான் இருந்தது. பையனுக்குத் தொண்டை கட்டி, ஒரு சொல்லும் எழவில்லை. தூதுவன் இல்லாமல் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டும்; பேசக் கூடாது; எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்வார்கள் என்று ஐயா சொல்லியிருந்தார். முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள், அதன் பிறகு பாயில் அமர்ந்திருந்த பெண்களில் ஒருவர், "நீயே சொல்லிப் போடு அம்மிணி!" என்று எனக்குக் குரல் கொடுத்தார். பொறாட்டுப் பார்த்து வளர்ந்த ஊராதலால், மேடையோடு பேசுவது அவர்களுக்கு இயல்பாக வந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் கணவன் மனைவிச் சண்டையை நகைச்சுவையாக்கியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் நாடகத்திலோ சண்டை என்று ஒன்றுமே இல்லை. சொல் போய்ச் சேராமை ஒன்றே சிரிப்பை விளைத்தது என்பதை ஐயாவின் தனித் திறமையாகவே மதிக்கிறேன்.

இறுதியில் கணவன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு பேச்சைச் சேர்க்கும்படி விழாக் குழுவில் சிலர் வற்புறுத்தினர். ஐயா இசையவில்லை. மனைவி ஆட்டிடம், "உனக்குத் தண்ணி வேணுமான்னு கேக்கவும் இந்த வீட்டுல ஆளில்ல" என்கிறாள், கணவனும் ஆட்டைப் பார்த்தே, "நான் கொண்டாறேன்" என்கிறான், திரை விழுகிறது. அறிவுரையோடு முடிந்த மற்ற நாடகங்களை இன்று ஒருவருக்கும் நினைவில்லை.

வளைகுடாவில் நம் சங்கம் அடுத்த ஆண்டு நடத்தவிருக்கும் குடும்ப விழாவில் இதை மீண்டும் மேடையேற்ற விரும்புகிறேன். கையெழுத்துப் படி கிடைக்கவில்லை. என் பகுதியும் கணவன் பகுதியில் பாதியும் மனப்பாடமாக உள்ளன. கேள்விக்காரனாக நடித்த தம்பி இம்மலரைப் படித்தால், தன் வசனங்களை எழுதி மலர்க் குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.