ஐஸ்லாந்தில் செத்த கல்லும் உயிருள்ள கல்லும்

ஐஸ்லாந்தில் கடலோரம் தனியாக நிற்கும் பாறை எதுவென்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அது ஒரு பூதம், விடிந்ததும் கல்லாகிவிட்டது. வயல் நடுவே கிடக்கும் குண்டுக்கல்லைப் பற்றிக் கேட்டாலோ பதில் மாறும்: அதைத் தொடாதே, உள்ளே ஆள் இருக்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் இரண்டையும் சேர்த்து 'மாயக்கதைகள்' என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. அங்கேதான் பிசகு.

ட்ரோல் என்னும் மலைப்பூதத்தின் கதை முடிந்துபோன கதை. இரவில் மட்டும் நடமாடும் பூதம் வேலை மும்முரத்தில் நேரத்தை மறக்கும், சூரியன் எழும், கதை கல்லாக நின்றுவிடும். அந்தக் கல்லுக்கு இனி யாரும் பயப்படுவதில்லை. ஹுல்துஃபோல்க் என்னும் மறைமனிதர்களின் கதை அப்படி முடிவதில்லை. எல்ஃப் என்பதும் இவர்களைத்தான். அவர்கள் குள்ளர்கள் அல்ல. நம் உயரம்தான், ஆடு மாடு வளர்ப்பவர்கள், தேவாலயம்கூட உண்டு. கல்லும் மேடும் அவர்கள் குடியிருக்கும் வீடு.

முதலில் செத்த கற்கள். தெற்கே வீக் ஊருக்கு எதிரே கடலில் நிற்கும் ரெய்னிஸ்ட்ராங்கர் தூண்கள் சுமார் 66 மீட்டர் உயரம். மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலொன்றைக் கரைக்கு இழுத்துவந்த பூதங்களை விடியல் பிடித்துக்கொண்டது என்பது கதை. வடமேற்கில் வாட்ஸ்னெஸ் தீபகற்பத்தின் க்வீட்செர்குர் 15 மீட்டர்தான். திங்கெய்ரார் மடத்தின் மணியோசை பொறுக்காமல் அதை உடைக்கக் கிளம்பிய பூதம் அது. ஸ்காகாஃபியோர்டில் ஒரு பூதத் தம்பதி பசுவைக் காளையிடம் ஓட்டிப்போனபோது பொழுது விடிந்தது. பசுதான் ட்ராங்கே தீவு, தெற்கே நிற்பவள் கிழவி. வடக்கே நின்ற கிழவர் 1755 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டார்.

இந்தப் பாறைகள் எப்படித் தனியாக மிஞ்சின? எரிமலைக் குழம்பு நிலத்தின் செங்குத்தான விரிசலில் ஏறி அங்கேயே உறைந்தால் கெட்டியான சுவர் உருவாகும். சுற்றியிருக்கும் மென்பாறையை அலையும் பனியும் அரித்துப் போன பின் சுவர் மட்டும் நிற்கும். நேரில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பசால்ட் என்னும் எரிமலைக் கருங்கல் குளிரும்போது, குளிரும் பரப்புக்குச் செங்குத்தான திசையில் பட்டைத் தூண்களாக வெடிக்கும். தரையில் பரவி உறைந்த குழம்பில் தூண்கள் நிமிர்ந்து நிற்கும். விரிசலுக்குள் உறைந்த சுவரில் அவை அடுக்கிய விறகுபோலப் படுத்துக் கிடக்கும். க்வீட்செர்குர் அப்படியொரு சுவரின் மிச்சம். அடியை அலை குடைந்து ஓட்டை போட்டுவிட்டதால் கால்களுக்குக் கான்கிரீட் போட்டுத் தாங்கியிருக்கிறார்கள். மேலே தெரியும் வெள்ளை, பறவை எச்சம்.

ரெய்னிஸ்ட்ராங்கரைப் பார்க்கப் போகிறவர்கள் பூதத்தை விடக் கடலுக்கே பயப்பட வேண்டும். ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில் சிறு அலைகள் பல வந்தபின் திடீரென ஒன்று பல மீட்டர் உள்ளே ஏறி ஆளை இழுத்துவிடும். தூண்களோடு படம் எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். உயிர்ப்பலிகளும் நடந்திருக்கின்றன. நுழைவில் எச்சரிக்கை விளக்கு உண்டு. சிவப்பு எரிந்தால் பலகையைத் தாண்டாதீர்கள். தூண்கள்தான் வேண்டுமென்றால் வீக் பக்கத்திலிருந்தும் நன்றாகத் தெரியும்.

தனிப்பாறைக்குப் பூதம் என்றால், பெருவெள்ளம் விட்டுப்போன தடத்துக்கு வேறு வகைக் கதை. வடக்கே ஆஸ்பிர்கி 3.5 கிலோமீட்டர் நீளம், 1.1 கிலோமீட்டர் அகலம், 100 மீட்டர் வரை உயரும் பாறைச் சுவர்கள் கொண்ட குளம்பு வடிவப் பள்ளம். ஓடின் தெய்வத்தின் எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிர் ஒரு கால் ஊன்றிய தடம் என்பார்கள். உண்மையில் வாட்னாயோகுல் பனிமலைப் பக்கமிருந்து பாய்ந்த பெருவெள்ளங்கள், கடைசியாகச் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன், இதை வெட்டின. வெள்ளம் வந்த ஆறு பின்னர் கிழக்கே நகர்ந்துவிட்டதால் பள்ளம் வறண்டு கிடக்கிறது.

எனக்குப் பிடித்தது காட்லாவின் கதை. தெற்கிலிருந்த மடமொன்றின் வீட்டு நிர்வாகி அவள். அணிந்தால் எவ்வளவு ஓடினாலும் களைக்காத கால்சட்டை ஒன்று அவளிடம் இருந்தது. பார்தி என்ற இடையன் காணாமல்போன ஆடுகளைத் தேட அதைக் கேட்காமல் போட்டுக்கொண்டான். அவள் அவனைக் கொன்று மோர்த்தொட்டியில் மறைத்தாள். குளிர்காலம் போகப் போக மோர் குறைந்தது. பிணம் தெரியப்போகும் நாளில் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி, பனிமலைப் பிளவில் குதித்தாள். உடனே அங்கிருந்து வெள்ளம் பாய்ந்தது. அந்தப் பனிக்கு அடியிலிருக்கும் எரிமலைக்கும் காட்லா என்றே பெயர். பனிக்கடியில் எரிமலை வெடித்தால் என்ன நடக்கும் என்பதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது: முன்னறிவிப்பு குறைவு, வருவது தீயல்ல, தண்ணீரும் பனிக்கட்டியும் மணலும். 1918 வெடிப்பில் வந்த மணல் கடற்கரையையே முன்னே தள்ளியது.

உயிருள்ள கற்களுக்கு நிலவியல் விளக்கம் அதிகம் தேவையில்லை. பனியாறு இழுத்துவந்து போட்ட கல், குழம்பு உப்பி உறைந்த மேடு, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது மனிதர்கள் அதை நடத்தும் விதம். பண்ணை நிலங்களில் புல் அறுக்கக் கூடாத துண்டுகள் உண்டு. அறுத்தால் மாடு சாகும், காற்று வைக்கோலைத் தூக்கிப்போகும் என்பது நம்பிக்கை. ஸ்னைஃபெல்ஸ்னெஸில் லோன்ட்ராங்கர் பாறைகளைச் சுற்றிய நிலமும் அப்படி விடப்பட்டதாகச் சொல்வார்கள்.

இது வெறும் பழக்கமாக நின்றுவிடவில்லை. 2012-ஆம் ஆண்டின் பண்பாட்டு மரபுச் சட்டம், நாட்டார் நம்பிக்கையோடும் கதையோடும் இணைந்த, 100 ஆண்டுக்கு மேற்பட்ட இடங்களைத் தொல்பொருளாகவே கணக்கிடுகிறது. "சாலைத்துறை எல்ஃப்களை நம்புகிறது" என்று வெளிநாட்டுச் செய்திகள் சிரிப்பது பாதி தவறு. அதிகாரி நம்ப வேண்டியதில்லை. அந்தக் கதைக்கு வயது இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சிக்லுஃபியோர்துரில் 2015-இல் மண்சரிவைச் சுத்தம் செய்தவர்கள் எல்ஃப் பெண்ணின் கல் ஒன்றை மண்போட்டு மூடிவிட்டார்கள். பிறகு சாலையில் வெள்ளம், இயந்திரக் கோளாறு, காயம் என்று தொடர்ந்தன. 2016-இல் கல்லைத் தோண்டி எடுத்துக் கழுவி வைத்தார்கள். ரெய்க்யாவிக் அருகே கால்காஹ்ரோய்ன் குழம்புவெளியில் சாலை போட 2013-இல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அங்கே எல்ஃப் தேவாலயம் எனப்பட்ட, சுமார் 70 டன் பாறையை 2015-இல் கிரேன் வைத்து நகர்த்தினார்கள். எதிர்த்தவர்களில் பலருக்கு அந்தக் குழம்புவெளியைக் காப்பதே முக்கியம். எல்ஃப் அவர்களோடு சேர்ந்து நின்றது.

பயணிகள் அடிக்கடி செய்யும் தவறு, கண்ட இடத்தில் கல் அடுக்குவது. கல்லைப் பெயர்த்தால் அதன் கீழுள்ள பாசி போகும், திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அடுக்கியே ஆகவேண்டும் என்றால் வீக்குக்குக் கிழக்கே லோய்ஃப்ஸ்கௌலாவார்தா இருக்கிறது. 894-இல் காட்லா எரிமலை வெடித்து அழிந்த பண்ணை இருந்த இடம் அது. அந்த மணல்வெளியை முதன்முறை கடப்பவர் நற்பேறுக்காக ஒரு கல் வைக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்கான கற்களைச் சாலைத்துறையே கொண்டுவந்து கொட்டிவைக்கிறது.