ரேஷன் கடை வழக்கு: குறிப்பேடு

ஜூன் 3
ரேஷன் கடை வாசலில் அக்காவைச் சாதி சொல்லித் திட்டினார்கள், தம்பியைக் கட்டையால் அடித்தார்கள். புகாருக்கு இன்னும் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான) ரசீதுதான். எஃப்.ஐ.ஆர். இல்லை.

ஜூன் 4
‘விசாரிச்சுட்டுப் போடுறோம்’ என்கிறார்கள் ஸ்டேஷனில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முன்விசாரணைக்கு வழி திறந்தது. அதை எதிர்த்து நடந்த ஏப்ரல் 2 பாரத் பந்தில் உயிர்கள் போயின. அதே ஆண்டு 18ஏ பிரிவு வந்து அந்த வழியை அடைத்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரிவு இது. புகார் நகல் எஸ்.பி.க்குத் தபாலில் போயாயிற்று.

அக்காவின் முதல் புகாரில் ‘சாதியைச் சொல்லித் திட்டினார்கள்’ என்று ஒரே வரி. நாக்கூசும்தான். ஆனாலும் சொன்ன சொல் அப்படியே வேண்டும். யார் சொன்னது, எங்கே நின்று, கேட்டவர்கள் யார் என்பதும் வேண்டும். வழக்கை ரத்து செய்யக் கேட்பவர்கள் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். 3(1)(ஆர்) அவமதிப்பு, 3(1)(எஸ்) சாதி சொல்லித் திட்டுவது; இரண்டுக்கும் பொதுப் பார்வை அவசியம். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் போதாது என்றது 2020 ஹிதேஷ் வர்மா தீர்ப்பு. இங்கே நடந்தது ரேஷன் கடை வாசல், வரிசை நிற்கும் நேரம். அதை எழுதாமல் விட்டால் எப்படி? எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லர் என்பதும் புகாரிலேயே இருக்கட்டும்.

ஜூன் 6
பதிவாகிவிட்டது. கூடவே, அவர்கள் நம்மீது கொடுத்த புகாரில் கவுண்டர் கேஸும்.

ஜூன் 7
தையல் போட்டுப் படுத்திருக்கும் தம்பி அதில் இரண்டாம் எதிரி.

எதற்கென்று ஊருக்கே தெரியும். ‘நீ வாபஸ் வாங்கு, நாங்களும் வாங்குறோம்’ என்று உட்கார வைக்கத்தான். நாளிதழ்கள் உடனே ‘இரு தரப்பினர் மோதல்’ என்று போட்டுவிட்டன. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு தலித்துகள் 44 பேர் எரிந்தார்கள். எரித்த வழக்கில் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. அதே இரவில் நடந்த இன்னொரு கொலைக்குக் கூலித் தொழிலாளர்கள் சிறை போனார்கள். அதற்குப் பிறகும் இந்தத் தலைப்பைப் போட எப்படி மனம் வருகிறது?

நம் இதழில் நேரங்களைப் போட்டால் போதும்: இரண்டு புகாரும் கொடுத்த நேரம், அரசு மருத்துவமனை ஏ.ஆர். காப்பியில் (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) உள்ள நேரம். அந்தக் காப்பியில் ‘தெரிந்த நபர்கள் கட்டையால் தாக்கியதாக’ என்று இருக்கிறது. பயத்தில் தம்பி ‘வழுக்கி விழுந்தேன்’ என்று டாக்டரிடம் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே பாதி செத்திருக்கும்.

ஜூன் 14
அரசு தர வேண்டிய நிவாரணத் தொகை வரவில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதி 12(4) ஏழு நாள் என்கிறது. இந்தப் பிரிவுகளுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் 50, தண்டனையின்போது மீதி. பலர் இது தீர்ப்புக்குப் பிறகு வரும் பணம் என்றே நினைக்கிறார்கள். அலுவலகத்திலும் யாரும் திருத்துவதில்லை. கலெக்டருக்கு மனு.

ஜூன் 19
1907இல் இதே நாள் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழ், ராயப்பேட்டையிலிருந்து. 1920இல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ பத்திரிகை வந்தபோது, காசு தருகிறோம் என்றும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய ‘கேசரி’. சொந்தப் பத்திரிகை ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஜூலை 1
வீடியோ எல்லாரிடமும் இருக்கிறது, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. எடுத்த போன் வேண்டும். ஃபார்வர்டு ஆன நகலில் தரம் குறைந்து, எடுத்த தேதி விவரமும் போய்விடும். புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறது. எடுத்த பையன் போனை விற்கப் போகிறானாம். விற்கக் கூடாது!

ஜூலை 9
எதிரிகளுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு நோட்டீஸே வரவில்லை. 15ஏ(3), 15ஏ(5): பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று 2021 ஹரிராம் பம்பி தீர்ப்பு சொல்லிவிட்டது. ஜாமீனை எதிர்த்து 14ஏ மேல்முறையீடு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்.

ஜூலை 10
அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூலை 12
இன்றும் எடுக்கவில்லை. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்களாம்.

ஜூலை 23
அக்கா பேசினார். வாபஸ் இல்லை.

ஜூலை 24
நம் இதழ்மீது பி.என்.எஸ். (புதிய குற்றவியல் சட்டம்) 196இல் புகார், பகைமையைத் தூண்டுகிறதாம். அச்சிட்டது மூன்று நேரங்கள்.

ஆகஸ்ட் 5
அறுபது நாள் கெடு முடிந்தது, குற்றப்பத்திரிகை இல்லை. விசாரித்த டி.எஸ்.பி. மாற்றல். கடமை தவறிய அதிகாரிக்கு வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் துறை விசாரணை பரிந்துரைத்தால்தான் அது நகரும். புது டி.எஸ்.பி.யிடம் நாளை தர வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, சாதிச் சான்று, எஸ்.பி. தபால் ரசீது, வரிசையில் நின்ற சாட்சிகள் பட்டியல். பட்டியலில் இரண்டு பேர் பின்வாங்குகிறார்கள்.